மாஸ்டர் சிலிண்டர்: கிட் போடுவதா, புதிதாக மாற்றுவதா?

பழைய பிக்கப்பில் பிரேக் பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்துப் பிடிக்கிறீர்கள்; அது மெல்ல மெல்லத் தரை வரை இறங்குகிறது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, பிரேக் ஆயிலும் குறையவில்லை. அப்படியானால் பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் அது வேறு கதை, லைனில் காற்று இருக்கிறது. இரண்டு மூன்று முறை பம்ப் செய்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால், பின்பக்க டிரம்மில் லைனிங் இடைவெளி கூடியிருக்கலாம். அட்ஜஸ்ட் செய்து பாருங்கள். இவற்றுக்காக மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற வேண்டியதில்லை.

கிட் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர்களை மாற்றுவதற்கான தொகுப்பு. அதன் பலம் குறைந்த விலை. ஆனால் அது ரப்பரைத்தான் புதுப்பிக்கும், சிலிண்டரின் உள்சுவரை அல்ல. டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. ஆண்டுக்கணக்கில் ஆயிலை மாற்றாவிட்டால் அந்த ஈரமே உள்சுவரை அரித்துக் குழிகள் விழச் செய்யும். குழி விழுந்த சுவரில் புது வாஷர் போட்டால் அதுவும் சீக்கிரமே கிழியும். வார்ப்பிரும்பு சிலிண்டரில் லேசான துரு என்றால் ஹோனிங் (உள்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்குவது) செய்து தப்பிக்கலாம். அலுமினியத்தில் அதைச் செய்தால் மேலிருக்கும் பாதுகாப்புப் படலமே போய்விடும்.

புதிய சிலிண்டரில் இந்தச் சந்தேகம் இல்லை. விலை கூடுதல், அப்புறம் உள்விட்டம் பழையதோடு சரியாகப் பொருந்த வேண்டும். பெரிதாக இருந்தால் பெடல் கல்லாகிவிடும். சிறிதாக இருந்தால் பெடல் அதிக ஆழம் போகும். பூஸ்டரின் (மிதிக்கும் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) தள்ளுகம்பி நீளமாக அமைந்துவிட்டால் காலை எடுத்த பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும். மாட்டும் முன் மேசையில் வைத்தே காற்றை எடுத்துவிடுங்கள்.

பாரம் ஏற்றும் வண்டி என்றால் நான் யோசிக்காமல் புதியதையே சொல்வேன். அந்த மாடலுக்குச் சிலிண்டர் கிடைக்காமல், உள்சுவரும் வழவழப்பாக இருந்தால் மட்டும் கிட்.

எதைச் செய்தாலும் பழைய ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். பின் அச்சில் பாரத்துக்கேற்ப அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு இருந்தால், அச்சு தொங்காமல் வண்டியின் எடை அதன்மேல் நிற்கும்படி வைத்துக் காற்றை எடுங்கள். தொங்கவிட்டால் அந்த வால்வு ஆயிலைச் சரியாக விடாது, உள்ளே காற்று தங்கிவிடும்.