பி.எஃப். கட்டாத முதலாளி: விலகுவதா, இருந்து புகார் கொடுப்பதா?

தஞ்சாவூர், மன்னார்குடி பக்கம் அரிசி ஆலையிலோ ஜவுளிக்கடையிலோ வேலை பார்ப்பவர்கள் முதலில் அரசின் உமங் செயலியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைத் திறந்து, சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏறவில்லையா? உடனே விலகுவதில் நிம்மதி உண்டு. தை, மாசியில் சம்பா அறுவடை ஓடும்போது ஆலைகளுக்கு ஆள் தேவை, வேறு இடம் கிடைக்கும். ஆனால் நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது மொத்தமாகத் தரும் கிராஜுவிட்டி, கிடைக்க 5 வருடம் ஆக வேண்டும். நாலு வருடம் முடித்தவர் கோபத்தில் கிளம்பினால் எனக்கு வயிறு எரிகிறது.

இருந்து புகார் கொடுப்பது அதைவிடக் கஷ்டம். ஊர் சின்னது, முதலாளியும் உங்கள் மாமாவும் ஒரே கல்யாணப் பந்தியில் உட்காருவார்கள், "ஏம்ப்பா, அவரைப் போய் பகைச்சுக்கிறே" என்று வீட்டுக்கே ஆள் வரும். அதனால் வாயைத் திறக்காமல் சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம் வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் புகார் போடுங்கள், வேலையை விட்ட பிறகும் போடலாம்.

என்னைக் கேட்டால், ஆதாரம் சேரும்வரை இருப்பதே சரி. பொய்க் கணக்கில் உங்கள் கையெழுத்தைக் கேட்டால் மட்டும் அன்றைக்கே கிளம்பிவிடுங்கள், பணிக்கொடை போனாலும் பரவாயில்லை.