ஒரே ஆவணம், இரண்டு பாடம்: 'ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன்' பாடத்தொகுப்பு

ஆங்கில வகுப்பில் ஒரு கதையைச் சொல் சொல்லாகத் துருவிப் படிக்கும் மாணவரே, அடுத்த பாடவேளையில் வரலாற்றுப் புத்தகத்தைத் திறந்ததும், அதையும் ஒருவர் உட்கார்ந்து எழுதினார் என்பதை மறந்து ஆண்டுகளை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார். உயர்நிலை வகுப்புகளுக்கு இரு பாடங்களையும் எடுக்கும் எனக்கு இது நெடுநாள் உறுத்தல். அதனால்தான் 'ரீடிங் லைக் எ ஹிஸ்டோரியன்' (வரலாற்றாசிரியரைப் போல் படித்தல்) என்ற பாடத்தொகுப்பை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தேன். கல்வி ஆய்வாளர் சாம் வைன்பர்க் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நிறுவிய வரலாற்றுக் கல்விக் குழு இதை உருவாக்கியது. அக்குழு இப்போது டிஜிட்டல் இன்குவயரி குரூப் என்ற பெயரில் தனி அமைப்பாக இயங்குகிறது. பாடங்களை இணையத்திலிருந்து கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு பாடமும் ஒரு கேள்வியைச் சுற்றி அமைந்துள்ளது. அமெரிக்க விடுதலைப் போர் மூண்ட 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன் ஊரில் முதலில் சுட்டது யார் என்பது அவற்றுள் ஒன்று. மாணவர் கையில் இரண்டு ஆவணங்கள் தரப்படுகின்றன: பிரிட்டனை எதிர்த்து நின்ற அமெரிக்கக் குடியேற்றப் படையினர் 34 பேர் ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் முன் அளித்த வாக்குமூலம், பிரிட்டிஷ் அதிகாரி ஜான் பார்கரின் நாட்குறிப்பு. தாங்கள் முதுகு காட்டித் திரும்பிக்கொண்டிருந்தபோது சுடப்பட்டதாக முன்னவர்கள் சொல்கிறார்கள். எதிரே நின்றவர்களே ஓரிரு முறை சுட்டார்கள், அதன்பின் தம் வீரர்கள் கட்டளையின்றியே பாய்ந்து சுட்டார்கள் என்று பார்கர் எழுதுகிறார்.

இதை நடத்திய அன்று வகுப்பு வழக்காடு மன்றமாகவே மாறிப்போனது. 34 பேர் ஒரே வாக்குமூலத்தில் கையெழுத்திட்டால் முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்கள் என்றாள் ஒரு மாணவி. தனக்காக எழுதும் நாட்குறிப்பில் பொய் எதற்கு என்று கேட்டான் மற்றொருவன். தன் வீரர்கள் கட்டளையை மீறியதை ஒளிக்காமல் எழுதியவரை நம்பலாம் என்று மூன்றாமவர் சொன்னபோது, நான் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. 'நாங்கள் சுடப்பட்டோம்' என்ற செயப்பாட்டுவினை வாக்கியம் படிப்பவரின் கண்ணை யார் பக்கம் திருப்புகிறது என்ற பேச்சும் அதே மூச்சில் எழுந்தது. வாக்கியத்தை மாற்றி எழுதும் பயிற்சியாக மட்டுமே பல ஆண்டுகள் அந்த இலக்கணத்தை நடத்தி வந்தவன் நான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இம்முறைக்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. வைன்பர்க் 1991-இல் வெளியிட்ட ஆய்வில் வரலாற்றாசிரியர்கள் 8 பேரும் உயர்நிலை மாணவர்கள் 8 பேரும் இதே லெக்சிங்டன் ஆவணங்களைப் படித்தார்கள். வரலாற்றாசிரியர்கள் எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்பதை முதலில் தேடினார்கள். மாணவர்களோ பெரும்பாலும் முதல் சொல்லில் தொடங்கிக் கடைசிச் சொல்லில் முடித்தார்கள். அமெரிக்கப் பழங்குடிப் பெண் போகஹான்டஸ் பற்றிய பாடத்தில் இந்த வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். போகஹான்டஸ் தம் உயிரைக் காத்த நிகழ்ச்சியை 1608-இல் எழுதிய வரலாற்றில் சொல்லாத ஆங்கிலக் குடியேறி ஜான் ஸ்மித், 1624-இல் அதை விரித்துச் சொல்கிறார். இரு ஆண்டுகளையும் பார்த்த பிறகே விவாதம் சூடு பிடிக்கும்.

எனக்கு மனம் ஒப்பாத இடம் ஒன்று உண்டு. படிக்கத் தடுமாறும் மாணவரும் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காக ஆவணங்களைச் சுருக்கி, கடினமான சொற்களை எளிதாக்கித் தருகிறார்கள். வரலாற்று ஆசிரியராக இதை வரவேற்கிறேன். ஆங்கில ஆசிரியராக ஏற்க முடியவில்லை. நீண்டு வளையும் பழைய வாக்கியங்களில் திணறுவதும் படிப்பின் ஒரு பகுதிதானே. பல பாடங்களில் மூல வடிவமும் கிடைப்பதால், வகுப்பில் எளிய வடிவத்தைக் கொடுத்து முடித்து, மூலத்திலிருந்து ஒரேயொரு பத்தியை மறுநாள் ஆங்கில வேளையில் இரண்டையும் ஒப்பிடச் சொல்லித் தருகிறேன். எந்தச் சொல் மறைந்தது, அதோடு எந்தத் தொனி மறைந்தது என்று அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

எழுத்துப் பயிற்சி போதாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சான்று காட்டிச் சில வரிகள் எழுத வைப்பதோடு பெரும்பாலான பாடங்கள் நிற்கின்றன. முழுக் கட்டுரை வேண்டுமானால் திட்டத்தை ஆசிரியர்தான் வகுத்துக்கொள்ள வேண்டும். மேலும் இத்தொகுப்பில் அமெரிக்க வரலாற்றின் பங்கு மிகுதி. ஆனால் உள்ளே கையாளப்படும் முறை எந்த ஆவணத்துக்கும் பொருந்தும்.

புதிதாகத் தொடங்குவோர் லெக்சிங்டனுக்கு முன்பாக, பள்ளி உணவுக்கூடச் சண்டை பற்றிய அறிமுகப் பாடத்தை எடுப்பது நல்லது. சண்டையை யார் தொடங்கினார்கள் என்று தலைமையாசிரியரின் இடத்தில் இருந்து விசாரிக்க வேண்டிய பாடம் அது. சாட்சிகள் ஏன் முரண்படுகிறார்கள் என்பதை மாணவர்களுக்கு விளக்கவே வேண்டியிராது.