பழைய மேசைக்கணினிக்கு எந்த டிஸ்க்: ஹார்ட் டிஸ்க், சாட்டா எஸ்எஸ்டி, என்விஎம்இ

2011, 2012 வாக்கில் வாங்கிய மேசைக்கணினிகள் இன்னும் பல வீடுகளிலும் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் இருப்பதும் அப்படி ஒன்றுதான்: இன்டெல் ஐ3-2120 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டனை அழுத்திவிட்டுக் காபி போட்டு வந்தாலும் வின்டோஸ் முழுதாகத் திறந்திருக்காது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பிராசஸர் சும்மா இருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே நிற்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மறு ஒதுக்கீடு செய்யப்பட்ட செக்டார்களின் (கெட்டுப்போனதால் மாற்றிடம் தரப்பட்ட டிஸ்க் பகுதிகளின்) எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறுவதைக் கண்ட பிறகு, டிஸ்க்கை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போயிற்று. எதை வாங்குவது என்பது மட்டுமே மிச்சமிருந்தது.

முதல் வழி, அதே வகையில் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்குவது. அளவும் திருகு துளைகளும் அப்படியே பொருந்தும். ஒரு ஜிபிக்கு ஆகும் செலவும், மின்சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைவிடக் குறைவு. ஆனால் கணினி மந்தமாக இருப்பதற்குக் காரணமே டிஸ்க்கின் சுழற்சிதான் என்பதால், புதிய டிஸ்க்கும் அந்தக் குறையைத் தீர்க்காது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. தேவையான இடம் தகவலைப் படிக்கும் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லிவினாடிக்குச் சற்று அதிகம், காத்திருக்க வேண்டும். தலை சரியான தடத்துக்கு நகர்வதற்கு ஆகும் சுமார் 9 மில்லிவினாடியையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை வினாடிக்கு 75 முறை அளவில்தான் எடுக்க முடியும். ஒவ்வொரு முறையும் 4 கேபி எடுத்தால் வினாடிக்கு 300 கேபி மட்டுமே கிடைக்கிறது. வின்டோஸ் தொடங்கும்போது நடப்பது பெரும்பாலும் இந்த வகை வாசிப்புதான். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 150, 200 எம்பி வேகம் பெரிய வீடியோ ஒன்றை நகலெடுக்கும்போதுதான் தென்படும்.

இரண்டாவது வழி 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி; சாட்டா என்பது டிஸ்க்கைக் கேபிள் மூலம் மதர்போர்டோடு இணைக்கும் முறை. இதில் சுழலும் தட்டோ நகரும் தலையோ இல்லாததால், எந்த இடத்தில் உள்ள தகவலும் ஏறத்தாழ 0.1 மில்லிவினாடியில் கைக்கு வந்துவிடும். பழைய மதர்போர்டில் எஸ்எஸ்டி போட்டால் வீண் என்று பலரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எச்61 போர்டில் உள்ள போர்ட்டுகள் எல்லாமே 3 ஜிகாபிட் சாட்டா என்பதும், 550 எம்பி வேகம் தரக்கூடிய எஸ்எஸ்டி அதில் 270 எம்பி அளவோடு நின்றுவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் மேலே சொன்ன சிறு வாசிப்புகளை எஸ்எஸ்டி வினாடிக்குப் பத்தாயிரம் முறை செய்தாலும் ஆகும் மொத்த அளவு 40 எம்பி மட்டுமே. அந்த வேலையில் போர்ட்டின் வரம்பு குறுக்கே வருவதே இல்லை. ஆகவே போர்ட் பழையது என்பதற்காக எஸ்எஸ்டியைத் தள்ளிவைப்பது தவறான கணக்கு. பி75 போர்டு வைத்திருப்பவர்களுக்கு 6 ஜிகாபிட் போர்ட் ஒன்று மட்டும் உண்டு. எஸ்எஸ்டியை அதில் செருக வேண்டும்.

மூன்றாவது வழி, கூடுதல் கார்டுகளைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட்டில் ஓர் அடாப்டரைச் செருகி, அந்த ஸ்லாட் வழியாகவே இயங்கும் என்விஎம்இ எஸ்எஸ்டியை அதில் பொருத்துவது. வேகக் கணக்கில் இது எல்லாவற்றையும் மிஞ்சும் என்றாலும், இந்தத் தலைமுறை போர்டுகளின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) பொதுவாக என்விஎம்இ டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது. வேறொரு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ, வின்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை வைத்துச் சுற்றுவழியில் போக வேண்டியிருக்கும். அன்றாட வேலையில் சாட்டா எஸ்எஸ்டிக்கும் இதற்கும் உணரக்கூடிய வித்தியாசம் மிகக் குறைவு என்பதால், அவ்வளவு சிரமப்படுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு எண்களே பதில் சொல்கின்றன. சாம்சங் 870 ஈவோவின் 250 ஜிபி வகைக்கு 150 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள்; நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அந்த அளவைத் தொட 20 ஆண்டுகள் பிடிக்கும். ஐந்து ஆண்டு உத்தரவாதக் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடும். உண்மையில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டோ மெதுவாகியோ முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகும். எஸ்எஸ்டி நேற்று வரை நன்றாக ஓடி, இன்று பயாஸிலேயே தெரியாமல் போகலாம். அழித்த கோப்பின் இடத்தைக் காலி செய்யச் சொல்லும் டிரிம் வசதி இயங்குவதால், தவறி அழித்த கோப்பை மீட்பதும் அரிது. குடும்பப் படங்களை எடுத்து அலமாரியில் பூட்டி வைக்க வேண்டுமென்றால் நான் இன்றும் ஹார்ட் டிஸ்க்கையே நம்புவேன், ஏனெனில் மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் எஸ்எஸ்டியின் செல்களில் உள்ள மின்னூட்டம் மெல்லக் கசியும்.

ஆகவே நான் தேர்ந்தது இரண்டையும் சேர்த்த ஏற்பாடு: வின்டோஸுக்கு 250 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, சேமிப்புக்குப் புதிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது மாடல் எண்ணை வைத்து அது தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகையா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எஸ்எம்ஆர் வகையில் தடங்கள் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால், ஓரிடத்தில் மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. நீண்ட பேக்கப் நடக்கும்போது வேகம் சட்டென்று விழுவதற்கு இதுவே காரணம்.

மாற்றும் வேலையில் எனக்கு நேர்ந்த ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பழைய வின்டோஸ், பயாஸில் ஐடிஇ முறையில் (டிஸ்க்கோடு தொடர்புகொள்ளும் பழைய முறை) நிறுவப்பட்டிருந்தது. குளோன் செய்த பின் (பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு அப்படியே நகலெடுத்த பின்) அதைவிடப் புதிய ஏஎச்சிஐ முறைக்கு மாற்றியதும் நீலத்திரைதான் வந்தது. மறுபடி ஐடிஇக்கே திரும்பி, சேஃப் மோடில் தொடங்கும்படி அமைத்து, அதன் பிறகு பயாஸில் மாற்றியபோது சரியாயிற்று. பழைய டிஸ்க்கில் கெட்ட செக்டார்கள் இருந்தால் குளோன் பாதியில் நிற்கக்கூடும். அதனால் முக்கியமான கோப்புகளை முதலில் தனியாக நகலெடுத்துவிட வேண்டும். பழைய சாட்டா கேபிளைப் பக்கவாட்டில் ஆட்டி இழுக்காமல் நேராகவே உருவ வேண்டும், ஏனென்றால் கனெக்டரின் ‘எல்’ வடிவ பிளாஸ்டிக் நாக்கு பத்தாண்டுச் சூட்டில் வறண்டு, லேசாக வளைந்தாலே உடைந்துவிடும். குளோன் முடிந்து முதன்முறை கணினியை இயக்கும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றியே வைத்திருங்கள். இரண்டும் இணைந்திருந்தால் எதிலிருந்து பூட் ஆகிறது என்ற குழப்பம் வரும்.