‘3 டன்’ என்று எழுதி விற்கப்பட்ட ஜாக்கி: ஓர் எச்சரிக்கைப் பதிவு

வீட்டு வாசலில் காரைத் தாமே தூக்கி நிறுத்தி, பிரேக் பேட் மாற்றுவது, ஆயில் மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்துகொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய ஜாக்கி ஒன்றுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து என்னிடம் விற்றுவிட்டார்கள். சென்ற ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் கை இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் அது காரைக் கீழே போட்டது. முன்கையில் ஒரு வீக்கத்தோடு தப்பித்தேன். தப்பித்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை என்பதைக் கீழே படிக்கும்போது தெரிந்துகொள்வீர்கள்.

காரோடு வரும் கத்தரி ஜாக்கியைச் சுற்றிச் சுற்றித் தோள் வலி கண்டதால், சக்கரம் வைத்த டிராலி ஜாக்கி ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்து, சென்னையில் கார் உதிரிப் பாகக் கடைகள் வரிசையாக உள்ள தெரு ஒன்றுக்குப் போனேன். புதுப்பேட்டைக்குப் போனால் பழைய பாகத்தைப் பழையது என்று தெரிந்தே பேரம் பேசி வாங்குகிறோம். அதில் ஒளிவுமறைவு இல்லை. நான் போனது ‘எல்லாம் புதுச் சரக்கு’ என்று சொல்லும் கண்ணாடிக் கதவு போட்ட கடை. சிவப்புப் பெயின்ட் பளபளக்க, பக்கவாட்டில் ‘3 டன்’ என்று பெரிய ஸ்டிக்கர் ஒட்டிய ஜாக்கியை எடுத்து வைத்த கடைக்காரர், “சார், இது லாரியையே தூக்கும். உங்க காரெல்லாம் இதுக்குச் சுண்டைக்காய்” என்றார். பெட்டி எங்கே என்று கேட்டேன். மழையில் நனைந்து கிழிந்துவிட்டது என்றார். பில் கேட்டேன், பில் போட்டால் ஜிஎஸ்டி தனியாக வரும் என்று சொல்லிவிட்டு, ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட துண்டுச் சீட்டில் 4,200 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். அதன் அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வாசகம் இருந்தது. பணத்தை அலைபேசி வழியாக அனுப்பியபோது திரையில் கடையின் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. இத்தனை அடையாளங்களையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே, சில நூறு ரூபாய் மிச்சம் என்ற நினைப்பில் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். ஏமாற்றியவர் அவர் என்றாலும், அன்று கண்ணை மூடிக்கொண்டவன் நான்தான்.

எங்கள் வீட்டுக் கார் நிறுத்துமிடம் பேவர் கல் பதித்தது. மழைநீர் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்பதற்காகச் சற்றே சரிவாகவும் போட்டிருக்கிறார்கள். காரை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரிலும் போட்டுவிட்டு, பின்சக்கரங்களுக்கு அண்டக் கல் வைக்காமல் வேலையைத் தொடங்கினேன். இடது முன்சக்கரத்தைக் கழற்றியதும், அதை ஓரமாகச் சாய்த்து வைக்காமல், காரின் அடியில், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புத் தகட்டுக்கு நேராகப் படுக்க வைத்துத் தள்ளினேன். இது நான் யோசித்துச் செய்த காரியம் அல்ல. வாடகைக் கார் ஓட்டிய என் சித்தப்பா பஞ்சர் ஒட்டும்போதெல்லாம் அப்படிச் செய்வார். சிறுவயதில் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்த பழக்கம், அவ்வளவுதான்.

பிரேக் பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பிரேக் டிஸ்க்குக்கும் தரைக்கும் இடையிலிருந்த இடைவெளி முன்பைவிடக் குறைந்திருப்பதுபோல் தோன்றியது. கண்ணின் மயக்கமாக இருக்கும் என்று நினைத்து, கைப்பிடியை நான்கு முறை அடித்து மறுபடி உயர்த்தினேன். அது மயக்கமே இல்லை. ஜாக்கி இறங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நொடியிலேயே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். ஏழெட்டு நிமிடம் கழித்து, பின்னால் இருந்த ஸ்பேனரை எடுக்கத் திரும்பியபோது, எந்த எச்சரிக்கை ஓசையும் இல்லாமல் கார் ஒரேயடியாக இறங்கி, அடியில் படுத்திருந்த சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. பக்கவாட்டில் நழுவிய ஜாக்கியின் கைப்பிடி எகிறி என் முன்கையில் அடித்தது. அந்தச் சக்கரம் அங்கே இல்லாமல் இருந்து, நான் ஸ்பேனருக்காகத் திரும்பாமலும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என் மனைவியிடம் இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை.

மறுநாள் ஜாக்கியை எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஸ்டிக்கர் இருந்த இடத்தைத் துடைத்தார். ஸ்டிக்கரும் அதன் கீழிருந்த சிவப்புப் பெயின்ட்டும் உரிந்து வந்தன. உள்ளே நீலப் பெயின்ட், துரு, வார்ப்பிலேயே பதிந்திருந்த ‘2 டன்’ என்ற எழுத்து ஆகியவை தெரிந்தன. ஆனால் அவர் அந்த எண்ணைப் பார்த்து அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. “உங்க வண்டி மொத்தமே தொள்ளாயிரம் கிலோ. ஒரு பக்கத்தைத் தூக்க ரெண்டு டன்னே தாராளம். இது எடை தாங்காம விழலை சார், எண்ணெயைப் பிடிச்சு வைக்க முடியாம விழுந்திருக்கு” என்றார்.

இந்த இடத்தைத்தான் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஹைட்ராலிக் ஜாக்கியில், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் இந்த வகை ஜாக்கியில், நாம் கைப்பிடியை அசைக்கும்போது ஒரு சிறிய பிஸ்டன் எண்ணெயை அழுத்துகிறது. அந்த அழுத்தம் அகலமான பெரிய பிஸ்டனின் மீது பரவுவதால், கையின் சிறு பலம் காரைத் தூக்கும் பலமாகப் பெருகுகிறது. பள்ளியில் பாஸ்கல் விதி என்று படித்தது இதுவே. தூக்கிய பிறகு காரைத் தாங்கி நிற்பது இரும்பு அல்ல. உள்ளே அடைபட்ட சிறிதளவு எண்ணெய். அந்த எண்ணெய் தொட்டிக்குத் திரும்பிவிடாமல் தடுத்து நிற்பவை பட்டாணி அளவே உள்ள எஃகுக் குண்டுகள் உட்காரும் வால்வுகளும், சில ரப்பர் சீல்களும் மட்டுமே. குண்டு உட்காரும் இடத்தில் ஒரு துருப்பொடி சிக்கினாலும், சீலின் விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும், எண்ணெய் கசிந்து கார் இறங்கத் தொடங்கும். ஆகவே ஜாக்கியின் மேல் எழுதியிருக்கும் டன் கணக்கு, அது எவ்வளவு எடையைத் தூக்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்பதைச் சொல்வதே இல்லை. கடைக்காரர் எனக்கு ஒரு பொய்யான எண்ணை விற்றார்; நானோ அந்த எண்ணைப் பாதுகாப்பு என்று எண்ணி வாங்கினேன். எண் உண்மையாகவே 3 ஆக இருந்திருந்தாலும் அன்று கார் விழுந்திருக்கும்.

ஜாக்கியைப் பிரித்தபோது, காரை இறக்கத் திறந்துவிடும் ரிலீஸ் வால்வின் குண்டு உட்காரும் இடம் அரிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் கறுத்து, அதில் தண்ணீர் கலந்திருந்தது. சீல்கள் ஊதிப்போய், நகத்தால் அழுத்தினால் பிசினைப்போல் குழைந்தன. யாரோ ஹைட்ராலிக் ஆயிலுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள் என்பது மெக்கானிக்கின் கணிப்பு. பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. சாதாரண ஜாக்கிகளில் இருக்கும் நைட்ரைல் ரப்பர் சீல்களுக்கு அது ஆகாது, ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். வீட்டில் ஜாக்கிக்கு ஆயில் குறைந்தால் ‘எல்லாம் ஆயில்தானே’ என்று ஊற்றுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கடைக்காரர் மேல் எல்லாவற்றையும் சுமத்திவிட்டு என் தவறுகளை மறைப்பது நியாயமாகாது, அவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதலாவது, கியரில் போட்டிருக்கிறேன் என்ற நம்பிக்கை. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் ஒரு முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டால், இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாக அந்தப் பக்கம் தன்னிச்சையாகச் சுழன்றுகொடுத்துவிடும். அதனால் தரையில் இருக்கும் மற்ற முன்சக்கரத்தைக் கியரால் பிடித்து நிறுத்த முடியாது. அப்போது வண்டியை நிறுத்தி வைத்திருப்பது பின்சக்கர ஹேண்ட்பிரேக் மட்டுமே. பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் தூக்குபவருக்கு அந்த ஹேண்ட்பிரேக்கும் பயன்படாது. அண்டக் கல்லுக்கோ மரக்கட்டைக்கோ ஈடாக வண்டிக்குள் எந்த லீவரும் இல்லை.

இரண்டாவது, தரை. டிராலி ஜாக்கியின் கை மேலே எழும்போது நேராக எழுவதில்லை, வில்லைப்போல் வளைந்து எழுகிறது. அந்த வளைவுக்கு ஏற்ப ஜாக்கியே தன் சக்கரங்களில் சிறிது உருண்டு காருக்கு அடியில் நகர்ந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் அதற்குச் சக்கரமே வைத்திருக்கிறார்கள். பேவர் கற்களின் இடுக்கில் அந்தச் சிறு இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டால், ஜாக்கி நகராது. அதன் தலையில் உள்ள கிண்ணம் காரின் அடித்தகட்டில் வழுக்கத் தொடங்கும். மண் தரையிலும் இதே கதைதான். சமதளமான கான்கிரீட் தரை இல்லாதவர்கள் இந்த வேலையை வீட்டில் செய்யாமல் இருப்பதே மேல் என்பது இப்போது என் கருத்து. என் வீட்டுத் தரையில் நான் இனிச் செய்வதாக இல்லை.

மூன்றாவதும் பெரியதுமான தவறு, ஸ்டாண்டு வைக்காதது. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு. மூன்று அல்லது நான்கு கால்களும், பற்கள் கொண்ட நடுத்தண்டும் உள்ள அந்த இரும்பு ஸ்டாண்டில் எண்ணெயும் இல்லை, சீலும் இல்லை. காரின் அடிவிளிம்பில் ஜாக்கி வைப்பதற்கென்று வலுவூட்டி அடையாளமிட்ட இடங்கள் உண்டு. வண்டியின் கையேட்டில் படத்தோடு இருக்கும். ஜாக்கியை அங்கேயே வைப்பதால், ஸ்டாண்டை அதே இடத்தில் எப்படி வைப்பது என்று பலர் குழம்பி, ஸ்டாண்டையே விட்டுவிடுகிறார்கள். நான் விட்டதும் அதனால்தான். ஸ்டாண்டுக்கு உரிய இடத்தையும் கையேட்டிலோ மெக்கானிக்கிடமோ கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே காரைத் தூக்க வேண்டும்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெய்ட் என்ற கருவிக் கடை நிறுவனம், நடுத்தண்டின் பற்கள் சரியாகக் கவ்வாமல் திடீரென இறங்கக்கூடும் என்பதால், 2020ஆம் ஆண்டில் தன் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் மாற்றாகக் கொடுத்த ஸ்டாண்டுகளில் சிலவற்றிலும் பற்றவைப்புக் குறை இருப்பதாகக் கண்டு மறுபடியும் அறிவிப்பு வெளியிட்டது. ஸ்டாண்டின் மேல் காரை மெதுவாக இறக்கி, பல் முழுதாகக் கவ்வியிருக்கிறதா என்று பார்த்து, பக்கவாட்டில் காரைக் கையால் அசைத்துச் சோதித்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். அதற்கு மேலும் கழற்றிய சக்கரத்தை அடியில் போட்டு வையுங்கள். ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் அடுக்குபவர்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். சுவராகக் கட்டும்போது பாரத்தைப் பரவலாகத் தாங்கும் கல், ஒரே புள்ளியில் தகட்டு விளிம்பு அழுத்தினால் நொறுங்கிவிடும். வளைந்து காட்டி எச்சரிக்கவும் செய்யாது.

கடைக்கு வருகிறேன். உரிந்த ஸ்டிக்கரோடும் பிரித்த பாகங்களோடும் போனபோது, “நீங்க ஓவர்லோடு ஏத்தியிருப்பீங்க சார்” என்றார் அவர். லாரியையே தூக்கும் என்று சொன்னவர், தொள்ளாயிரம் கிலோ காரை ஓவர்லோடு என்றார். நான் குரலை உயர்த்தியதும், துண்டுச் சீட்டின் அடிவரியை விரலால் காட்டினார்.

அந்த அடிவரிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)ஆம் பிரிவு, விற்ற பொருளுக்கு பில் தராமல் இருப்பதையும், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் முறையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. பொருளை மாற்றியமைத்து விற்று, அந்த மாற்றத்தால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவரே பொறுப்பு என்பதும் அதே சட்டத்தில் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்தேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்தேன். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். பில் இல்லாத எனக்குக் கைகொடுத்தவை அந்த எஸ்டிமேட் சீட்டும், அலைபேசிப் பணப் பரிமாற்றக் குறிப்பும், ஸ்டிக்கரை உரிக்கும்போது மெக்கானிக்கின் பையன் எடுத்த படங்களும்தான்.

உதவி எண்ணில் புகார் பதிவான பிறகு கடையிலிருந்து ஒருவர் அழைத்து, வேறு ஜாக்கி தருவதாகச் சொன்னார். பெட்டியோடு, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்சச் சில்லறை விலை எல்லாம் அச்சிட்டதாகத் தருவீர்களா, பில் தருவீர்களா என்று கேட்டேன். “பார்த்துச் சொல்றேன் சார்” என்று வைத்தவர் மறுபடி அழைக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. மனு இப்போது ஆணையத்தில் இருக்கிறது.

ஜாக்கி எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், சாக்குப் பையில் கட்டிக் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். சாட்சிப் பொருள் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. வழக்கு முடிந்ததும் நேராக வெல்டிங் கடைக்குக் கொண்டுபோய், கேஸ் கட்டரால் இரண்டாக வெட்டித்தான் இரும்புக் கடையில் போடுவேன். முழுதாகப் போட்டால், இன்னொரு பெயின்ட்டும் இன்னொரு ஸ்டிக்கருமாக அது வேறொருவர் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.