ஜோஷ் கிப்சனை பைரேட்ஸ் அணியில் ஆட வைத்தேன்

பேஸ்பால் அணியை நடத்துகிற கணினி விளையாட்டான அவுட் ஆஃப் தி பார்க் பேஸ்பால் வாங்கலாமா என்று ஃபீனிக்ஸில் இருக்கும் மச்சான் இரண்டு தடவை கேட்டுவிட்டான். அவனுக்கும், இங்கே டர்பனில் இந்த ஆட்டத்தின் மேல் ஆசை வைத்திருக்கிற இன்னும் ஒன்றிரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வாங்குங்கள். பழைய ஆட்டக்காரர்களை உள்ளே கொண்டுவருகிற அந்த ஒரு வசதிக்காகவே வாங்கலாம்.

இதில் நீங்கள் மட்டையைச் சுழற்றப் போவதில்லை. அணியை நடத்துகிறவர் நீங்கள், திரையில் பெரும்பாலும் அட்டவணைகள்தான், என் பழைய லேப்டாப்பிலேயே நன்றாக ஓடுகிறது. 1871 முதலான வருடங்களில் எதை வேண்டுமானாலும் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அந்த வருடத்து அணிகள் அப்படியே வந்து நிற்கும். அப்புறம் ஒவ்வொரு சீசனுக்கும் நிஜத்தில் யார் அறிமுகமானார்களோ அவர்கள் வந்து சேருவார்கள். ஆட்டக்காரரின் திறனை அவருடைய நிஜப் புள்ளிவிவரத்திலிருந்துதான் கணக்கிடுகிறது, ஆனால் எண்ணை மட்டும் பார்க்காமல் அந்தக் காலத்து மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 1913இல் ஃபிராங்க் பேக்கர் அடித்தது 12 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் அந்த வருடம் அதுதான் உச்சம். 1920இல் பேப் ரூத் ஒருவரே 54 அடித்தார், அந்த லீகில் வேறு எந்த அணி முழுதாகச் சேர்ந்தும் அவ்வளவு அடிக்கவில்லை. வெறும் எண்ணை வைத்தால் பேக்கர் சாதாரண ஆளாகத் தெரிவார். இங்கே அவருடைய காலத்தில் அவர் எப்படிப் பயமுறுத்தினாரோ அப்படியே வருகிறார்.

நான் தொடங்கியது 1930, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ். காரணம் ஜோஷ் கிப்சன். அந்த வருடம்தான் அவர் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். பெரிய லீகுகள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலம் அது, இந்த அணி அவர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீக் அணிகளில் ஒன்று, பிட்ஸ்பர்க் பக்கத்திலேயே இருந்தது, பைரேட்ஸின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தை வாடகைக்கு எடுத்து அங்கேயே ஆடியும் இருக்கிறது. மைதானம் கிடைக்கும், அந்த அணியின் சட்டை மட்டும் கிடைக்காது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. டர்பனின் கிங்ஸ்மீட் மைதானத்தில் நிறவெறியால் நம்மவர்களுக்கு இடமில்லாத காலத்தில் கரீஸ் ஃபவுண்டனில் கிளப் கிரிக்கெட் ஆடியவர் அப்பா, அவர் எடுத்த ரன்கள் பெரியப்பா கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. நிறவெறியை ஏற்காத சங்கம் நடத்திய நம் பக்கத்து ஹோவா பௌல் கிரிக்கெட் ஆட்டங்களைக்கூடப் பல வருடம் கழித்துத்தான் முதல்தர ஆட்டங்களாக ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவிலும் 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீகுகளைப் பெரிய லீகுகளாக மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு அறிவித்தது 2020 டிசம்பரில், எண்களைச் சேர்த்தது 2024 மே மாதம். சேர்த்த அன்றே கிப்சனின் 0.372 மட்டையடிச் சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் வெற்றிகரமாக அடித்த பங்கு) அதுவரை முதலிடத்திலிருந்த டை காப்பின் 0.367ஐத் தாண்டி முதலிடத்துக்குப் போனது.

சரி, செய்கிற முறை. தொடக்க அமைப்பில் நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களையும் சேர்க்கச் சொல்லிவிடுங்கள். அதைச் சேர்க்காவிட்டால் சாட்செல் பேஜ் 1948இல், 42 வயதில், கிளீவ்லாந்துக்குப் புதுமுகமாக வருவார். சேர்த்தால் 1927இலேயே, பர்மிங்காம் பிளாக் பேரன்ஸில் அவர் நிஜமாகத் தொடங்கிய வயதில் வந்துவிடுவார். 21 வருட பந்துவீச்சு!

அடுத்தது, சீசன் முடிந்ததும் நிஜ எண்களைப் பார்த்துத் திறனை மறுபடி கணக்கிடுகிற அமைப்பு. நடந்த வரலாற்றை அப்படியே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும், நான் அணைத்துவிட்டேன். கிப்சன் 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார், கறுப்பினத்தவருக்கு மூடியிருந்த பெரிய லீகின் கதவைத் திறந்த ஜாக்கி ராபின்சன் புரூக்ளினுக்கு இறங்கியது அதே வருடம் ஏப்ரல் 15. நிஜ எண்களையே பின்தொடர்ந்தால் 1946க்கு மேல் அவருக்கு எதுவும் கிடையாது. அணைத்துவிட்டால் விளையாட்டு தன் போக்கில் அவரை வளர்க்கும், வயதாக்கும். என் பைரேட்ஸில் பால் வேனரோடும் ஆர்க்கி வானோடும் ஆடி, 1947 ஏப்ரலிலும் அவர் கேட்ச்சராகவே (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) இருந்தார். அந்த ஆட்டத்தின் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது ஸ்கோர் அட்டையை, அப்பாவிடம் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

எச்சரிக்கை ஒன்று. நான் முதலில் பொறுமையில்லாமல் யாரோ ஒரு ரசிகர் தயாரித்துக் கொடுத்த தனிக் கோப்பை இறக்கிப் போட்டேன், ஒரே ஆள் இரண்டு பிறந்த தேதியோடு இரண்டு அணியில் நின்றார், மூன்று நாள் ஆடிய லீகை அழிக்க வேண்டியதாகிவிட்டது. வெளிக் கோப்பு எதைப் போட்டாலும் முதலில் லீகை நகல் எடுத்து வையுங்கள்.

குறைவாக ஆடியவர்கள் விஷயத்திலும் கவனம் வேண்டும். நீக்ரோ லீக் சீசன்கள் சின்னவை, பல ஆட்டங்களின் கணக்கைப் பழைய செய்தித்தாள்களிலிருந்து தேடிச் சேர்த்திருக்கிறார்கள். 1943இல் கிப்சனின் சராசரி 0.466. ஒரே வருடத்தை வைத்துத் திறனைக் கணக்கிட்டால் ஆள் தாறுமாறாக ஏறி இறங்குவார், மூன்று வருடத்தைச் சேர்த்துக் கணக்கிடச் சொன்னால் நிதானமாக வரும். சில ஆட்டம் மட்டுமே ஆடியவர்களின் திறனைக் குறைக்க ஓர் எல்லை வைக்கலாம். அதை உயர்த்தி வைத்தால் முதலில் அடிபடுவது இவர்கள்தான், ஆகவே தாழ்த்தியே வையுங்கள்.

ஆனால் எண்ணே கொஞ்சமாக இருக்கிற ஆளுக்கு எதை மாற்றினாலும் பெரிதாகப் பலனில்லை. கிஃப்ட் ங்கோபேயை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பீட்டர்ஸ்பர்க்கில், இன்றைய போலொக்வானேயில் பிறந்தவர். 2017 ஏப்ரல் 26 அன்று அதே பைரேட்ஸ் அணிக்கு இறங்கி, பெரிய லீகில் ஆடிய முதல் ஆப்பிரிக்கரானார், ஜான் லெஸ்டரின் பந்தில் முதல் வாய்ப்பிலேயே சிங்கிள் அடித்தார். அந்த வருடம் 28 ஆட்டம், சராசரி 0.222. அந்த எண்ணிலிருந்து வருகிற ங்கோபே மட்டை பிடிக்கத் தெரியாதவராகத்தான் இருப்பார். எதையும் கையால் மாற்ற விடுகிற கமிஷனர் மோடில் அவர் பெயரைத் தேடி, 1930களின் அணிக்குள் தனியாகக் கொண்டுவந்து, திறனைக் கையால் கொஞ்சம் உயர்த்தி ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டிங் இடத்தில் நிறுத்தினேன். அதைத் தவறு என்று நான் நினைக்கவில்லை.

வருடா வருடம் புதுப் பதிப்பு வருகிறது. பழைய காலத்தை மட்டும் ஆடப்போகிறீர்கள் என்றால், ஸ்டீம் என்ற இணையக் கடையில் தள்ளுபடி வரும்போது எடுத்தாலே போதும்.