டிரான்ஸ்போஸைத் தொட்டால் சுருதி போச்சு: ஸ்கேல் டியூன் கீபோர்டு, நெடுநாள் அனுபவம்

விலை இறங்கியிருக்கிறதே, ஸ்கேல் டியூனுக்காகவே (ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே சற்று ஏற்றி இறக்கும் வசதி) இந்தக் கீபோர்டை வாங்கலாமா என்று நண்பர் கேட்கிறார். சட்டென்று ஆமாம் சொல்ல முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய இசை அறிஞர் கிர்ன்பெர்கரின் மூன்றாவது சுருதி முறையை இதில் அப்படியே ஏற்றலாம். சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கணக்கில்: சி 0, சி ஷார்ப் -10, டி -7, டி ஷார்ப் -6, இ -14, எஃப் -2, எஃப் ஷார்ப் -10, ஜி -3, ஜி ஷார்ப் -8, ஏ -10, ஏ ஷார்ப் -4, பி -12. சி-இ 386 சென்ட்டில் சுத்தமான அந்தர காந்தாரமாக நிற்கும். எல்லா அரைச்சுரமும் சமமாக இருக்கும் வழக்கமான டியூனிங்கின் 400இல், நடு சி-யில் பிடித்தால் நொடிக்குப் பத்து தடவை படபடக்கும், இங்கே அசையாது. ஆர்கன் குரலில், கோரஸை அணைத்துவிட்டுக் கேளுங்கள். பியானோ குரலில் பாதி சுகம் போய்விடும். முழு எண் மட்டுமே ஏற்கும் என்பதால் நஷ்டமில்லை: சுத்தமாக இருக்க வேண்டிய ஐந்தாமிடங்கள் (ச-ப தூரங்கள்) 702இலேயே விழுகின்றன. ஏ இறங்கிவிடும், கீபோர்டு முழுவதையும் ஒருசேர ஏற்றி இறக்கும் மாஸ்டர் டியூனை 442.6 ஹெர்ட்ஸ் ஆக்கினால் வழக்கமான 440க்குத் திரும்பும்.

சுருதிப் பெட்டியோடு இந்த முறை ஒத்துவராது, பஞ்சமம் இழுபடும். அதற்கு கிர்ன்பெர்கரின் இரண்டாவது முறை: ஜி +2, டி +4, ஏ -5, மற்றவை அப்படியே. சி-ஜி, சி-இ, ஜி-பி எல்லாம் சுத்தம். ஆனால் டி-ஏ 691க்குச் சுருங்குவதால் டி மேஜர் பிடித்தால் பல் கூசும். காமாவை (சுத்த ஐந்தாமிடங்களும் சுத்த காந்தாரமும் ஒத்துப்போகாமல் மிஞ்சும் சிறு இடைவெளி) எங்கேயாவது கொட்டித்தானே ஆகவேண்டும்!

இனி எரிச்சல். இந்த அட்டவணை விரல் வைக்கும் கட்டையோடு நகராது, ஒலிக்கும் சுரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றரைக் கட்டைக்காரருக்கு (சி ஷார்ப்பைச் சட்ஜமாக வைத்துப் பாடுபவர்) டிரான்ஸ்போஸ் (எல்லாச் சுரத்தையும் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்த்தும் வசதி) +1 போட்டால் சி கட்டை -10ஐயும் இ கட்டை -2ஐயும் வாங்கிக்கொள்ளும், காந்தாரம் 408. சாதாரண டியூனிங்கே தேவலை. இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது பாடகருக்கு வாசித்திருப்பாரா?

ஒரு குறுக்கு வழி உண்டு. டிரான்ஸ்போஸை 0இல் விட்டு, மாஸ்டர் டியூனை 466.2க்கு ஏற்றுங்கள், மூன்றாவது முறையில் ஏ-வும் சரியாக வேண்டுமானால் 468.9 வேண்டும், இதன் உச்சவரம்போ 466.8. ஒன்றரைக்கு ஆயிற்று. இரண்டு, ஐந்தரைக்கெல்லாம் பன்னிரண்டு எண்களையும் கையால் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். ரெஜிஸ்ட்ரேஷனில் (அமைப்புகளைச் சேமித்து வைக்கும் நினைவகம்) சேமிக்கவும் வழியில்லை, அணைத்தால் அழிந்துவிடும்.

பாட்டுக்கு வாசிக்கிறவர் என்றால் வாங்காதீர்கள், இன்னும் பாதி விலைக்குக் கொடுத்தாலும். என்னுடையதை விலைக்குக் கேட்டும் வராதீர்கள், தரமாட்டேன்.