இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்?

விமானத்தில் ஆறாவது முறையாகத் தண்ணீர் கேட்டபோது பணிப்பெண் ஒரு முழுப் பாட்டிலையே கையில் கொடுத்துவிட்டுப் போனார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் என்று படித்திருந்தேன். பழியை அதன்மேல் போட்டேன். ஊரில் இறங்கியதும் வெயில்மேல் போட்டேன். உண்மையில் இரண்டு மாதங்களாகவே என் படுக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பாட்டில் இருந்தது. அப்போது குற்றவாளி வீட்டு ஹீட்டர்.

அண்ணியிடம் இந்தக் கதை எடுபடவில்லை. "தம்பி, இரவெல்லாம் குளியலறை விளக்கு எரிந்து எரிந்து அணைகிறதே, உடம்புக்கு என்ன?" என்று மூன்றாம் நாள் காலையில் கேட்டார். எண்ணிப் பார்த்தேன். முந்தைய இரவு ஐந்து முறை எழுந்திருந்தேன்.

மறுநாள் வெறும் வயிற்றோடு ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனேன். வேகத்தில் குறை சொல்ல முடியாது. பத்து நிமிடத்தில் டோக்கன் வந்தது, ஊசி குத்தியதே தெரியவில்லை, மதியத்துக்குள் முடிவு கைபேசியில். ஆனால் வரவேற்பில் இருந்தவர், வெளிநாட்டிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும் முழு உடல் பரிசோதனையையே விற்கப் பார்த்தார். எதற்காக வந்தீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. முடிவுத் தாளில் 198 என்ற எண் தடித்த எழுத்தில் இருந்தது. விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. நான் வசிக்கும் நாட்டில் சர்க்கரையை மில்லிமோலில் சொல்வார்கள், இது மில்லிகிராம். 18ஆல் வகுத்தால் 11 என்று புரிய அரை மணி நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மருத்துவரிடம் குறித்துக் கொடுத்த நேரத்துக்கும் உள்ளே அழைத்த நேரத்துக்கும் ஒன்றரை மணி நேர இடைவெளி. அந்தக் கோபம் அறைக்குள் போனதும் போய்விட்டது. அவர் தாளைப் பார்க்கும் முன்பே, "இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? எடை குறைந்ததா? பார்வை மங்குகிறதா? என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டார். ஐந்து கிலோ குறைந்திருந்தது. நடைப்பயிற்சியின் பலன் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணீர் குடிப்பதால் சிறுநீர் அதிகம் போகிறது என்று நினைக்கிறீர்கள். சிறுநீர் போவதால்தான் குடிக்கிறீர்கள்" என்றார். ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுவதும் மீட்க முடியாது. வழிந்து வெளியேறும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உடல் வறண்டு தாகம் எடுக்கும். வெறும் வயிற்றில் 126, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதம், இவையே நீரிழிவின் எல்லைக்கோடு. அறிகுறி இல்லாதவருக்கு இன்னொரு முறை சோதித்து உறுதிசெய்வார்கள். எனக்கு ஹெச்பிஏ1சி 9.4, சந்தேகத்துக்கு இடமில்லை.

எல்லாத் தாகமும் சர்க்கரை இல்லை என்பதையும் அவரிடம்தான் கற்றேன். ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் தாகம் வரும். சிறுநீரைக் கூட்டும் நீர்பிரிப்பு மாத்திரை, மனநல மருந்தான லித்தியம் போன்றவையும் காரணமாகலாம். ஒவ்வாமை மாத்திரைகள் சில வாயை மட்டும் உலரவைக்கும், அது வேறு. வாசோபிரசின் என்ற ஹார்மோன் குறைந்தாலோ, சிறுநீரகம் அதற்குச் செவிசாய்க்காவிட்டாலோ, சர்க்கரை சரியாக இருந்தும் லிட்டர் லிட்டராகச் சிறுநீர் போகும். 'டயாபடீஸ் இன்சிபிடஸ்' என்ற இதன் பழைய பெயரிலும் 'டயாபடீஸ்' இருந்ததால் மருத்துவமனைகளிலேயே குழப்பம் நேர்ந்து, 2022இல் பெயரையே மாற்றப் பரிந்துரைத்தார்கள்.

வெயில், வியர்வை, வயிற்றுப்போக்கு என்று காரணம் எதுவும் இல்லாமல் தாகம் சில நாள் நீடித்தால், ஒரு நாளில் 3 லிட்டருக்கு மேல் சிறுநீர் போனால், காத்திருக்காமல் காட்ட வேண்டும். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட குழந்தை மீண்டும் நனைத்து, தண்ணீரும் கேட்டுக்கொண்டே இருந்தால் அன்றே காட்ட வேண்டும். தாகத்தோடு வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை, குழப்பம் இவை சேர்ந்தால் பரிசோதனைக் கூடத்துக்கு அல்ல, நேரே அவசரப் பிரிவுக்கு. இதற்காகவே என் சிறுநீரில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) இருக்கிறதா என்று அங்கேயே பார்த்தார். இல்லை என்றானதும்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

மருந்துச் சீட்டில் வணிகப் பெயர் மட்டும் இருந்தது. அது நான் திரும்பிப் போகும் நாட்டில் கிடைக்காது என்றேன். முகம் சுளிக்காமல் 'மெட்ஃபார்மின்' என்று மருந்தின் பெயரையும் அளவையும் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார். திரும்பி வந்ததும் இங்குள்ள மருத்துவர் முதலில் கேட்டது அந்தத் தாளைத்தான்.

சென்ற வாரம் அண்ணி தொலைபேசியில் கேட்டார்: "இப்போது விளக்கு எத்தனை முறை எரிகிறது?"

"ஒரு முறை, அண்ணி."

"அந்த ஒரு முறையையும் மருத்துவரிடம் சொன்னீர்களா?"